பக்கத்து சீட் பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்குக் கோபமே வராது என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவரேதான். கியர் என்று சொன்னால் கைப்பிரேக்கை இழுப்பவர்கள், எதிரே லாரி வந்தால் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்கள், எல்லாரிடமும் அவர் வாயில் தேன் ஒழுகும். "பரவாயில்லைம்மா, பதறாதீங்க, இன்னொரு தடவை பாத்துக்கலாம்." அவர் உட்காரும் சீட்டின் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் தப்புச் செய்தால் சத்தம் போடாமல் அதை மிதித்துவிட்டுச் சிரிப்பார்.

அந்தத் தேனில் ஒரு சொட்டாவது வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்குமா? அவர் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். சட்டையில் பொத்தான் இல்லையென்றால் ஒரு கத்தல். டி.வி. ரிமோட் சோபா இடுக்கில் போய்விட்டால் வீடு இரண்டுபடும். "ஏங்க இப்படிக் கத்துறீங்க?" என்று அவள் கேட்டால், "நான் எங்கடி கத்துறேன்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தும் அளவுக்குக் கத்துவார். நாள் பூராவும் அடக்கி வைத்ததை மனுஷன் எங்கே போய்க் கொட்டுவது என்பது அவருடைய நியாயம். வீடென்ன குப்பைத்தொட்டியா? இந்த மாதிரி நியாயத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பேர்ப்பட்டவரிடம் அவர் மனைவியே கார் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது. அவள் ஒரு பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று தட்டுத்தட்டாக ரொட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். சரக்கு கொண்டுபோகும் வேனுக்கு ஆள் இல்லாமல் போனபோது, "நீ ஓட்டுறியாம்மா?" என்று முதலாளி கேட்டார். அந்த வெக்கையை விட்டு வெளியே வந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஆனால் அந்த மாதத்துக்குள் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

மற்றவர்களிடம் "மெதுவா" என்பவர், மனைவியிடம் "கண்ணு எங்கடி இருக்கு?" என்றார். மற்றவர்களிடம் "பரவாயில்லை" என்பவர், இவளிடம் "உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?" என்றார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருந்தது, வண்டி மட்டும் கைக்கு வந்துவிட்டது. அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்த அன்றிலிருந்து இன்னும் அதிகமாகக் கத்தினார். தன்னைக் கேட்காமல் அவள் கியர் மாற்றுவது அவருக்கு என்னவோ செய்தது. என்ன செய்தது என்று உட்கார்ந்து யோசிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

டெஸ்ட் அன்று லைசென்ஸ் அதிகாரி அம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்தார். பயிற்சி வண்டி என்பதால் மாஸ்டர் பக்கத்து சீட்டில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. அவர் பக்கத்து பிரேக்கை மிதித்தால், டெஸ்டுக்கென்று மாட்டியிருக்கும் மணி அடிக்கும். மணி அடித்தால் ஓட்டுகிறவர் ஃபெயில்.

அவள் நன்றாகவே ஓட்டினாள். கடைசித் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். அவள் வேகத்தைக் குறைத்தாள், சைக்கிள் நின்றது, அவள் வண்டியைத் திருப்பினாள். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது.

மைதானத்துக்குத் திரும்பி வந்ததும், காத்திருந்த எல்லார் முன்னாலும் அதிகாரி அம்மாள் கேட்டார்: "என்ன மாஸ்டர், ஆபத்துன்னு மிதிச்சீங்களா, இல்ல சும்மா மிதிச்சீங்களா? தேவையில்லாம மிதிச்சேன்னு நீங்க ஒத்துக்கிட்டா, கடைசியில இன்னொரு தடவை ஓட்டச் சொல்றேன். இல்லன்னா அடுத்த மாசந்தான்."

சுற்றிலும் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள், கற்றுக்கொள்கிறவர்கள், கூட வேலை செய்யும் மாஸ்டர்கள். அவர் வாய் தானாகவே, "சைக்கிளை அவ பாக்கல மேடம்" என்றது.

மனைவி வண்டியிலிருந்து இறங்கினாள். அவள் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. குரல் மட்டும் உயரவில்லை.

"பாத்தேன். குறைச்சேன். அவர் நின்னப்புறந்தான் திருப்பினேன். நீங்க எதுக்கு மிதிச்சீங்க?"

"வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல நீங்க பேசுறதில்ல, கத்துறீங்க. இங்கயே பேசுங்க. இங்கதான உங்களுக்கு நல்ல வாய்."

யாரோ கிளுக்கென்று சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். மாஸ்டருக்குக் காது ரெண்டும் கொதித்தது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது அந்த வீட்டுக் கத்தல். வந்தது அவருக்கே கேட்டது. இத்தனை பேர் முன்னால் அதை விழுங்க முடிகிறது, நன்றாகவே முடிகிறது. அப்படியானால் வீட்டில் மட்டும் முடியவில்லை என்று இவ்வளவு நாள் சொன்னது பொய். முடியாமல் இல்லை, வேண்டாம் என்று இருந்திருக்கிறார். இது அவருக்கு உறைத்தபோது கோபம் இன்னும் அதிகமானது. ஆனால் அதை அவள் தலையில் கட்ட வழியில்லை.

"சைக்கிள் நின்னது எனக்குத் தெரியும் மேடம்" என்றார். "அவ என் மூஞ்சியைப் பாக்காம திருப்பினா. அதுல வந்த ஆத்திரம். தேவையில்லாமதான் மிதிச்சேன்."

அதிகாரி அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவளிடம், "கடைசியில வாங்கம்மா. இவரே உக்காரட்டுமா?" என்றார்.

"வேணாம் மேடம்."

அவள் கை காட்டியது தூங்குமூஞ்சியை. அவரும் ஒரு மாஸ்டர்தான், வண்டி ஓடும்போதே கொட்டாவி விடுகிற ஆள். 'அவன்கிட்ட கத்துக்கிறதும் மரத்தடியில படுக்கிறதும் ஒண்ணு' என்று நம் மாஸ்டர் நக்கலடிக்காத நாள் கிடையாது. தூங்குமூஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார். வண்டி போயிற்று, திருப்பத்தில் மறைந்தது. மாஸ்டர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றார். மணிச் சத்தமே இல்லாமல் வண்டி திரும்பி வந்தது.

பாஸ். அவள் நேராக முதலாளிக்குப் போன் பண்ணி, "நாளைக்கே வேனை எடுத்துக்கிறேங்க" என்றாள். வீட்டுக்குக் கிளம்ப அவளே ஸ்டியரிங் முன்னால் உட்கார, மாஸ்டர் வழக்கம்போலப் பக்கத்து சீட் கதவைத் திறக்கப் போனார்.

"பின்னாடி ஏறுங்க."

"ஏன், முன்னாடி உக்காந்தா என்ன?"

"பின்னாடி ஏறுங்கன்னு சொன்னேன்."

ஏறினார். பல வருஷத்துக்குப் பிறகு காலுக்கு அடியில் மிதிக்க ஒன்றுமில்லாமல் உட்கார்ந்தார். சிக்னல் பச்சையான பிறகும் அவள் ஒரு கணம் பார்த்து நிதானித்தாள். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கத்தினார்: "கண்ணு தெரியல? கத்துக்கிறவங்க ஓட்டுறாங்கய்யா!"

"உள்ள வாங்க" என்றாள் அவள், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல். "நான் கத்துக்கிட்டாச்சு."