அம்மாவின் கால் உதைத்த வெள்ளிக்கிழமை

சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு மூடாமல் போனவன் எவன் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் இப்போதும் போய் நாலு வார்த்தை கேட்பேன். அம்மா சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரத்தில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். மழைத் தண்ணீர் நின்ற அந்தப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. நான் அப்போது மூன்றாம் வகுப்பு.

பார்க்க வந்தவர்கள் உச் கொட்டினார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள். உருப்படியாக ஏதாவது செய்தவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. அம்மா பிடித்துக்கொண்டு நடக்கட்டும் என்று கூடத்தில் இரண்டு இரும்புக் குழாய்களை இடுப்பு உயரத்தில் இரு பக்கமும் கிடைவாட்டில் பொருத்திக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் சபையாரை அழைத்து வந்து ஜெபமும் நடத்தினார். எது பலித்தாலும் சரி என்று நினைத்தாரோ என்னவோ.

பிசியோதெரபி அக்கா மேடவாக்கத்திலிருந்து வருவார். தண்ணீர் லாரிக்காரர்களைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே நுழைவார். ஆனால் அம்மாவைக் குழாய் பக்கம் விடவே மாட்டார். புரளச் சொல்வார். இடுப்பைத் தூக்கச் சொல்வார். கையை ஊன்றாமல் உட்காரச் சொல்வார். அம்மாவின் நைட்டி வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கு எரிச்சலாக இருக்கும். நடக்க வேண்டும் என்றால் நடக்க வேண்டியதுதானே, எதற்கு இந்தப் புரளல்?

ஒரு வெள்ளிக்கிழமை, ஜெபம் உச்சத்தில் இருந்தபோது, போர்வைக்குள் அம்மாவின் வலது கால் உதைத்தது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை.

"அம்மா கால ஆட்டுனா!" என்று கத்தினேன்.

வீடே அதிர்ந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று ஆளாளுக்கு அழுதார்கள். மாமா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார். "எழுந்திரும்மா. இப்பவே எழுந்து நட."

"வேணாம்ணா. நான் ஆட்டல. அது தானா இழுக்குது."

"தானா இல்லம்மா. ஆண்டவர்."

"விசுவாசம் கொஞ்சம் பத்தல போல," என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். மாமா இன்னும் பலமாக இழுத்தார். அம்மா கட்டிலிலிருந்து பாதி சரிந்துவிட்டாள். "அண்ணா, கைய விடு!" என்று அலறினாள். அவள் மாமாவிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மாமா விட்டுவிட்டார். ஜெபம் அத்தோடு முடிந்தது. அன்று முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. கால் ஆடியும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளே என்று கோபம்.

மறுநாள் அக்கா வரும்வரை மாமா வாசலிலேயே நின்றார். நடந்ததையெல்லாம் அவர் சொல்லக் கேட்ட அக்கா, அம்மாவின் பாதத்தை உள்ளங்கையால் சட்டென்று மேலே தள்ளினார். கால் தடதடவென்று நடுங்கியது.

"பாத்தீங்களா சார்? நான் தள்ளுனாலும் ஆடுது. இவங்க சொல்லி ஆடல."

மாமாவின் முகம் தொங்கிப்போனது. "அப்ப இது ஒண்ணுத்துக்கும் ஆவாதா?"

"யாரு சொன்னா? துவண்டு போற கால்னாதான் பேஜாரு. விறைக்குற கால நிக்க வெக்கலாம். இவங்களும் இப்ப கை ஊனாம உக்கார்றாங்க. வாங்க, பின்னாடி பெல்ட்ட புடிங்க. ஆனா இழுக்கக் கூடாது. நேத்து இழுத்தது போதும்."

முட்டி மடங்காமல் இரண்டு கால்களுக்கும் பட்டை கட்டினார்கள். இடுப்பில் பெல்ட். "குனிஞ்சு பாக்காதீங்க, முன்னாடி சாஞ்சிடுவீங்க," என்றார் அக்கா. அம்மா குழாய்களைப் பிடித்து, பல்லைக் கடித்து, எழுந்து நின்றாள். அம்மா எவ்வளவு உயரம் என்பதையே நான் மறந்து போயிருந்தேன்.

எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, என் கால் ரெண்டும் தரையில இருக்கா?"

நான் தரையில் படுத்துப் பார்த்தேன். "இருக்கு."

"குதிகால்?"

"அதுவும் இருக்கு. ஏம்மா, உன் காலுதானே? உனக்குத் தெரியாதா?"

அம்மா சிரித்தாள். "நீ சொன்னா நம்பறேன். பாத்துச் சொல்லு."

இடுப்பை உந்தி ஒரு காலை முன்னால் கொண்டுபோனாள். மறுபடியும் கேட்டாள். விழுந்த நாளிலிருந்து அம்மா என்னோடு விளையாடியதே இல்லை. இன்றைக்குத்தான் விளையாட ஆரம்பித்திருக்கிறாள் என்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தவழ்ந்துகொண்டே கூடப் போனேன். பாதம் ஊன்றும்போதெல்லாம் அதைக் கையால் தட்டி, "இருக்கும்மா, இருக்கு!" என்று கூவினேன். இவ்வளவு நல்ல விளையாட்டில், பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த மாமா எதற்காக அப்படி அழுகிறார் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.