சந்துனி வாங்கிய மஞ்சள் அட்டை

1. கூப்பிட்ட நேரம்

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டபோது மகள் நித்திரையாக இருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். கொழும்பில் தேசிய மட்டப் போட்டி, பெண்கள் சிங்கிள்ஸ் அரையிறுதி. எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் நாலு மணி. மூன்றரைக்குப் பால் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் எங்களுக்கு முந்திய மாட்ச்சில் ஒரு பிள்ளை கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டு பாதியில் விலகிவிட்டாள். மூன்று மணிக்கே எங்களைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நீ போ. எழும்பினா நான் பாக்கிறன்," என்றார் என் கணவர் ரமணன். அவர் கிரான் பக்கம் வயல் செய்கிறவர். எங்களுடைய ஊர் வழக்கப்படி கலியாணம் முடிந்ததும் புளியந்தீவில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். என் அம்மா உயிரோடு இல்லை என்பதால், அறுவடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு என்னோடு ரயில் ஏறியிருந்தார். மகள் போத்தலில் குடிக்க மாட்டாள். எல்லா வகைப் போத்தலும் வாங்கிப் பார்த்தாயிற்று, வாயை இறுக மூடிக்கொள்வாள்.

பட்மின்டன் எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, தொழில். ஒரு தனியார் நிறுவனம் தன்னுடைய அணிக்கு விளையாடுவதற்காக எனக்குச் சம்பளம் தந்தது. பிரசவ விடுமுறை முடிந்து போன அன்று மனேஜர் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"தங்கச்சி, நான் உங்களுக்காகக் கதைப்பன். ஆனா மேல இருக்கிறவங்க ஒண்டைத்தான் கேப்பாங்க, தேசிய குழாமில பேர் இருக்கா இல்லையா எண்டு. இருந்தா ஒப்பந்தம் தொடரும்."

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகும் அந்தக் குழாமில் சிங்கிள்ஸுக்கு ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது. இந்த அரையிறுதியில் வெல்பவருக்கு அந்த இடம். எனக்கு எதிராக நின்றவள் மாத்தறைச் சந்துனி. அவளும் வேறொரு நிறுவனத்தில் என்னைப் போலவே ஒப்பந்தத்தில் இருந்தவள்.

ஜூனியர் காலத்திலிருந்து நாங்கள் இருவரும் எத்தனை தடவை மோதியிருக்கிறோம் என்று எனக்கே தெரியாது. பயிற்சி முகாம்களில் ஒரே அறையில் படுத்திருக்கிறோம். அவள் சிங்களத்தில் கதைப்பாள், நான் பாதிச் சிங்களமும் பாதித் தமிழுமாகப் பதில் சொல்வேன். இங்கே அவள் பேச்சை நான் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதுகிறேன்.

2. இரண்டு நிமிடம்

முதல் கேம் ஒன்பதுக்கு இருபத்தொன்று என்று தோற்றேன். நாலைந்து பாயிண்ட் வரை சமமாகத்தான் போனது. பிறகு மகள் எழும்பிவிட்டாள். அந்த மண்டபத்தில் ஆயிரம் சத்தம் இருந்தும் அவளுடைய அழுகை மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டது. ரமணன் அவளை வெளி விறாந்தைக்குக் கொண்டுபோனார். அங்கிருந்தும் கேட்டது. பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது. குனிந்து நெட் ஷாட் எடுக்க முடியவில்லை. ஸ்மாஷுக்குக் கையை உயர்த்தினால் தோள் வரை இழுத்தது. சட்டை நனைந்ததை வியர்வை மறைத்துவிடும் என்று நினைத்தேன்.

கேமுக்கும் கேமுக்கும் நடுவில் இரண்டு நிமிட இடைவேளை. அம்பயரிடம் போய் வெளியே போக அனுமதி கேட்டேன்.

"ரெண்டு நிமிசம்தான். பிந்தினா கார்ட் வரும், இன்னும் பிந்தினா ஆட்டமே போயிடும்," என்றார்.

எங்கள் கோச் குறுக்கே வந்தார். "ரெண்டு நிமிசத்தில என்னத்தைக் குடுக்கப் போறீங்க? இருந்து தண்ணியக் குடிங்க. அடுத்த கேமுக்கு என்ன செய்யிறதெண்டு கதைக்க வேணும்."

நான் நிற்காமல் ஓடினேன். பக்கக் கதவுக்கு வெளியே, பழைய நெட்டுகளைச் சுருட்டிப் போட்டிருந்த ஒரு சின்ன அறை. ரமணன் மகளை என் மடியில் வைத்தார். அழுது அழுது அவளுக்கு விக்கல் எடுத்திருந்தது. முதலில் வாய் வைக்கவே தெரியாமல் தடுமாறினாள். பிறகு பிடித்துக்கொண்டாள். அவள் மூச்சு ஆறுவதை என் வயிற்றில் உணர்ந்தேன்.

"நேரமாகிட்டுப் போல," என்று ரமணன் கதவால் எட்டிப் பார்த்தார். நான் மகளை விலக்கப் போனேன்.

"பொறு புள்ள, எழும்பாத. ரெஃபரி வாறார். ஷட்டில டெஸ்ட் பண்ணப் போறாங்களாம். நீ குடு."

ஷட்டில் வேகமாகப் போகிறது, மெதுவாகப் போகிறது என்று யாராவது முறையிட்டால் ரெஃபரியைக் கூப்பிட வேண்டும். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து அவர் வர வேண்டும். பின் கோட்டில் நின்று கீழ்க்கையால் முழுப் பலத்தோடு அடித்து, மறுபக்கம் எந்த இடத்தில் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றல்ல, மூன்று நாலு ஷட்டில். அது முடியும்வரை ஆட்டம் தொடங்காது.

மகள் ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கமும் குடித்தாள். களுதாவளைப் பிள்ளையார்தான் கண் திறந்தார் என்று நினைத்தேன். அவள் கண் சொருகியதும் தகப்பனிடம் கொடுத்துவிட்டு ஓடினேன்.

நான் உள்ளே வரும்போது ரெஃபரி திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். அம்பயர் எச்சரிக்கைக்குக் காட்டும் மஞ்சள் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்குத்தான்," என்றார் கோச். "ஷட்டில் பிழையெண்டு நிண்டு வாதாடினவள். ஷட்டில் நல்லாத்தான் இருக்கு. நேரத்தை வீணாக்கினதெண்டு கார்ட் குடுத்திட்டாங்க. குழம்பிப்போய் நிக்கிறாள். இனி விடாதீங்க."

நான் விடவில்லை. குழம்பிய ஆள் ஃபோர்ஹான்ட் மூலையில் அவசரப்படுவாள் என்று அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். உண்மையில் அவள் குழம்பவே இல்லை. ஒவ்வொரு பாயிண்டுக்கும் என்னை நாலு மூலைக்கும் ஓட வைத்தாள். இரண்டாவது கேம் இருபத்தொன்றுக்குப் பதினேழு என்று எனக்கு. மூன்றாவது இருபது, இருபது என்று வந்து நின்றது. அதற்குப் பிறகு அவள் போட்ட ஒரு லிஃப்ட் வெளியே விழுந்தது. அடுத்ததில் நான் வலையோரம் தட்டிய ஷட்டில் வலையில் உரசி அவள் பக்கம் விழுந்தது. கை கொடுக்கும்போது அவள் என் முகத்தைப் பார்த்து, "நல்லா விளையாடினாய்," என்று மட்டும் சொன்னாள்.

3. உடைமாற்றும் அறை

லைன் ஜட்ஜாக இருந்தவர் ஒரு தமிழ் ஆசிரியை. நான் பையைத் தூக்கும்போது பக்கத்தில் வந்தார்.

"உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். முதல் கேம் முழுக்க அந்தப் பிள்ளை ஷட்டிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேல்ல. நீங்க கதவால போன பிறகு, நேரம் முடியப் போற நேரத்திலதான் அவ எழும்பிப் போய் ரெஃபரியைக் கூப்பிடச் சொன்னவ. டெஸ்ட் முடிஞ்ச பிறகும் இன்னொரு ஷட்டிலைப் பாருங்கோ எண்டு நிண்டவ. ஒவ்வொரு தரமும் நீங்க போன கதவைத் திரும்பிப் பாத்தவ."

உடைமாற்றும் அறையில் சந்துனி தனியாக இருந்தாள். அவளுடைய கோச் அவளோடு கதைக்காமல் போய்விட்டிருந்தார். கணுக்காலில் சுற்றியிருந்த டேப்பை மெல்ல மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"ஷட்டில் மெதுவாவா இருந்தது?" என்று கேட்டேன்.

"இல்ல. நல்ல ஷட்டில்."

"அப்ப என்னத்துக்கு?"

அவள் டேப்பைக் கழற்றி முடித்து உருண்டையாகச் சுருட்டினாள்.

"நீ குனியாம விளையாடினாய். காயமாக்கும் எண்டு நினைச்சன். பிறகு பக்கம் மாறக்குள்ள சட்டையைப் பாத்தன். வியர்வை அப்பிடி நனையாது. என்ர அக்காவுக்கு மூணு புள்ளைகள், எனக்குத் தெரியும்."

"உன்ர இடம் போயிட்டே, சந்துனி."

"நீ குடுத்திட்டு வந்தாலும் உன்னை வெல்லலாம் எண்டுதான் நினைச்சன்," என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் துவாயை எடுத்து முகத்தில் வைத்தாள். தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் இருந்து அவள் முதுகைத் தடவினேன்.

கொஞ்ச நேரத்தில் துவாயை எடுத்தாள். "எங்க அந்தக் கள்ளி? காட்டு."

நான் வெளியே நின்ற ரமணனிடமிருந்து மகளைத் தூக்கி வந்தேன். சந்துனி அவளை வாங்கி, வியர்வை காயாத கையில் கிடத்திக்கொண்டாள். மகள் கண் திறந்து அவளைப் பார்த்தாள், அழவில்லை. "இப்ப மட்டும் சத்தம் இல்ல," என்றாள் சந்துனி.

நான் அன்றைக்கே தேர்வுக் குழுவில் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். "விளங்குது தங்கச்சி. ஆனா ஸ்கோர் ஸ்கோர்தானே," என்றார். பட்டியலில் என் பெயர் வந்தது. வெளிநாட்டுப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். என் ஒப்பந்தம் தொடர்ந்தது. சந்துனியுடையது தொடரவில்லை. அவள் மாத்தறைக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையானாள். அதைப் பற்றி ஒரு நாளும் குறையாகக் கதைத்ததில்லை. என்னால்தான் சில வேளைகளில் அவளுக்கு ஃபோன் எடுக்க முடியாமல் இருந்தது. அப்போதெல்லாம் அவளே எடுப்பாள்.

இப்போது நான் புளியந்தீவில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சிங்கிள்ஸ் என்றால் கோர்ட்டில் தனியாக நிற்க வேண்டுமே என்று சில பிள்ளைகள் பயப்படுவார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அன்றைக்கு என் கோச் ஸ்கோரைப் பார்த்தார், என் கணவர் மகளைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். என்னை முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தவள் வலைக்கு அந்தப் பக்கம் நின்றவள் ஒருத்திதான்.