கீறல் இல்லாத கண்ணாடி

என் மாட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு சோலார் பலகை சாய்ந்து நிற்கிறது. நீலமாக, பளபளவென்று. அதைப் பார்த்தாலே அந்த இன்ஜினியரின் சிரிப்பு நினைவுக்கு வரும், வயிறு எரியும்.

என் வயலில் போர்வெல் மோட்டாருக்குச் சோலார் போட வந்தவர் அவர். கோடை மழை பெய்து ஓய்ந்த சமயம். எங்கும் சேறு, வண்டி இறங்காது. "நாலு நாள் பொறுங்க தம்பி, தரை இறுகட்டும். டிராக்டர்ல நிமிர்த்தி வச்சுக் கொண்டுபோயிடலாம்" என்றேன். "எனக்கு வேற வேலையே இல்லையாம்மா?" என்று சிரித்தார். அவருடைய ஆட்கள் கதிர்க்கட்டு தூக்கிப் பழகியவர்கள். அவர் சொன்னபடி, துணியைச் சுருட்டித் தலையில் சும்மாடு கோலி, ஆளுக்கொரு பலகையைப் படுக்கைவாட்டில் தலையில் ஏற்றி வரப்பில் நடந்தார்கள். அடிக்கு அடி இரண்டு ஓரமும் வாழையிலை மாதிரி ஆடின. "வளையுதே தம்பி" என்றேன். "கண்ணாடில ஒரு கீறல் இருக்கா, பாருங்க" என்றார். இல்லைதான்.

ஆனி பிறந்தும் ஆற்றில் தண்ணீர் வரவில்லை. போரை நம்பித்தான் குறுவைக்கு நாற்று விட்டிருந்தேன். மோட்டாரோ உச்சிவெயிலிலும் நூல்போலத்தான் தண்ணீர் தள்ளியது. இன்ஜினியரைக் கேட்டால், "வெயில் பத்தலைம்மா" என்றார். "என் தலையில வடாம் காயுது. உங்க கண்ணாடிக்கு மட்டும் பத்தலையா?" என்றேன். அதற்கும் அதே சிரிப்பு.

என் மகள் சென்னையில் படிகங்களை ஆராய்கிறவள். ஒரு கேமராவோடு வந்தாள். பலகைக்குள் மின்சாரம் செலுத்தினால், நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் அதிலிருந்து வருமாம். படுதா போட்டு இருட்டாக்கிப் படம் எடுத்தாள். ஒவ்வொரு பலகையின் நடுவிலும் சும்மாடு அகலத்துக்கு ஒரு கருப்பு. அதிலிருந்து காய்ந்த சேற்று வெடிப்புகள் போலக் கோடுகள்.

"கண்ணாடிக்குக் கீழ இருக்கிற மெல்லிசான சிலிக்கான் வில்லை, கயிறு கட்டி நட்ட நடவு மாதிரிம்மா. அணுவெல்லாம் வரிசையா இருக்கும். வெயில் எழுப்பிவிடுற மின்சாரம் அதுல ஓடும். வரிசை உடைஞ்ச இடத்துல விழுந்து அடங்கிடும்."

"வரப்புல நண்டு வளையில தண்ணி போயிடுற மாதிரியா?"

"அதேதான். பலகையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கு. ஒண்ணு தேங்கினாலே மத்ததும் தேங்கும். இங்க எல்லாத்துலயும் வளை."

படத்தை இன்ஜினியரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ணாடி உடைஞ்சாத்தான் கம்பெனி மாத்தித் தரும்மா" என்றார். என் நாற்று தண்ணீரில்லாமல் மஞ்சளாய்ப் பழுத்து மாட்டுக்குத் தீவனமானது.

இப்போது எந்த வயலுக்குப் பலகை வந்தாலும் போய் நிற்கிறேன். தலையில் ஏற்ற விடுவதில்லை. என் வயலிலிருந்து கழற்றி வந்த ஒரு பலகையைத்தான் கொட்டகைச் சுவரில் தெருவைப் பார்க்கவே வைத்திருக்கிறேன், அவர் வண்டி அந்த வழியாகத்தான் போகும். தினமும் துடைக்கிறேன். ஒரு கீறல் இல்லை.