ரசமட்டம் வைத்துப் பார்த்த தரை

அண்ணன் சரக்குக் கப்பலில் டெக் வேலை பார்த்தான். போன முறை லீவில் வந்தபோது வலது முழங்கை முறிந்து, கட்டுப் பிரித்த கையோடு வந்தான். அடுத்த கப்பலுக்கு எட்டு வாரம் இருந்தது. அம்மா போகவே வேண்டாம் என்றாள். அவன் முடிவை என்னிடம் விட்டான்.

“பாப்பா டெஸ்ட் பண்ணட்டும். அது சரின்னா போறேன்.”

நான் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். காய்ந்த மண் பட்டையை இரண்டு முட்டுகளின் மேல் வைத்து, நடுவில் எடை ஏற்றி, எவ்வளவில் உடைகிறது என்று எழுதுவேன். அதற்கு முன் மேசையில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பேன். மேசை சாய்ந்திருந்தால் அந்த அளவு செல்லாது.

அண்ணனுக்கும் பட்டியல் போட்டேன். ஈரக் களிமண் பிசைவது, மணல் வாளியோடு நடப்பது, கொக்கித் தராசை இழுப்பது. தராசைத் தோட்டத்துத் தூணில் கட்டினேன். அவன் நிற்க வேண்டிய இடத்தில் ரசமட்டம் வைத்து, குமிழ் நடுவில் வரும்வரை மண் போட்டுத் தட்டினேன்.

“இன்னா பாப்பா, என்னையும் மண்ணு பட்டையாக்கிட்ட? உடைஞ்சா வெயிட்டு எழுதிக்குவியா?”

“பேசாம இழுண்ணா.”

ஏழாவது வாரம் வலது கை இடது கைக்குச் சமமாக இழுத்தது. அன்றைக்கு அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: “இங்க நிக்கறதுக்குச் செலவே இல்ல. அங்க கப்பல் உருளும்போது பாதி பலம் விழாம நிக்கறதுக்கே போயிடும். தூங்கும்போதுகூட இடுப்பும் காலும் இறுக்கிக்கிட்டே கெடக்கும். எழுந்திரிக்கும்போதே கை அசந்திருக்கும். மிச்சம் இருக்கறதுலதான் வேல.”

கேட்டுக்கொண்டேன். பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை. “சரியா இருக்குதுண்ணா, போயிட்டு வா” என்றேன்.

நான்கு மாதம் கழித்து, அவனோடு வேலை செய்தவர் போன் செய்தார். மூன்று நாளாகப் பெரிய அலை. யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. இரண்டு ஆள் உயர ஏணிதான். அண்ணன் இறங்கும்போது கப்பல் ஒரு பக்கம் உருண்டது, வலது கையின் பிடி விட்டுவிட்டது. “கை அசந்துபோச்சும்மா” என்றார், அண்ணன் சொன்ன அதே வார்த்தையை. தலையில் அடி. கரை சேரும் முன்பே அவன் போய்விட்டான்.

அம்மா இதுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் பரவாயில்லை என்று இருக்கிறது.

மழை பெய்தால் தோட்டத்தில் தண்ணீர் வேலிப்பக்கம் ஓடிவிடும். நான் தட்டிய அந்த இடத்தில் மட்டும் எந்தப் பக்கமும் போகாமல் நிற்கிறது. நேற்றும் அம்மா துடைப்பத்தால் அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“இங்க மட்டும் தண்ணி நின்னுடுது. கொஞ்சம் சரிச்சு வுடேன்” என்றாள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு காலையும் அகட்டி வைத்து அவன் நின்ற இடம். வெட்ட முடியவில்லை. அம்மா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, என் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டாள்.