வீடு வீடாகச் செய்தி சொல்லும் பெட்டி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். தற்பெருமை என்பார்கள். சொல்லட்டும்.

எங்கள் ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கிடைக்காத வருடம், செத்துப்போன வானொலிகளின் உள்சாமான்களைப் பிடுங்கி ஒன்றைச் செய்தேன். பக்கத்துத் தோட்டம் வரை கேட்டது. பால்மரம் வெட்டிக்கொண்டே தொலைக்காட்சி பழுதுபார்க்கப் பழகினேன். எவரும் சொல்லித் தரவில்லை, இரண்டு முறை மின்சாரம் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. ஈப்போ நகரத்துக்கு வந்த பிறகு, அலுவலகங்கள் வீசியெறிந்த கணினிகளைப் பழைய இரும்புக் கடையிலிருந்து தூக்கி வந்து, மூன்றை உடைத்து ஒன்றாக்கினேன். பென்குயின் படம் போட்ட இலவச இயங்குதளத்தை, அகராதியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, நானே ஏற்றினேன். டயர் கடை முதலாளி, தவுக்கே என்போம், ஒருவருக்குச் சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். பட்டதாரி மகனை வைத்திருந்த மனிதர் அவர், என்னிடம்தான் வந்தார். இதற்கெல்லாம் மேலே ஒன்று செய்தேன். எங்கள் தோட்டத்து ஜனங்களுக்கு மரணச் செய்தி சொல்லும் பெட்டி.

அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது பயமாகவும் இருக்கிறது. ஏன் என்பதைச் சொல்கிறேன்.

தோட்டத்தை விற்றார்கள். கித்தா என்கிற ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீட்டு மனைகள் வந்தன. ஜனங்கள் சிம்பாங் பூலாய், குனோங் ராபாட், ஆயர் தாவார் என்று ஊர் ஊராகச் சிதறிப் போனார்கள். சிதறினாலும் ஒரு வழக்கத்தை யாரும் விடவில்லை. சாவுச் செய்தியை ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் பொதுவாகச் சொன்னால் அது சொன்னதாகக் கணக்கில்லை. "எனக்கு யாரும் சொல்லலியே" என்று ஒருவர் ஆரம்பித்தால் அந்த மனஸ்தாபம் பேரப்பிள்ளைகள் வரைக்கும் போகும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் இருந்தபோது ஓர் ஆள் சைக்கிளில் போய் வாசல் வாசலாகச் சொல்வார். இப்போது வாசல்கள் எங்கெங்கோ கிடக்கின்றன.

அதற்குத்தான் பெட்டி. ஒரு பழைய கணினி, அதில் சிம் அட்டை போடும் சின்ன மோடம், நான் எழுதிய நிரல். ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் பழைய லயத்து அடையாளத்தோடு சேர்த்து வைத்தேன். செய்தி பொதுவாகப் போகாது. "மேட்டு லயம் கடைசி வீட்டு அண்ணி அவர்களுக்கு", "கோயிலடி லயம் பெரியப்பா அவர்களுக்கு" என்று, ஒருவர் முடிந்து அடுத்தவர், நிதானமாகக் குறுஞ்செய்தியாகப் போகும். எங்கள் மரண சகாயச் சங்கம் பல வருடம் அதை வைத்துத்தான் ஓடியது.

பிறகு புதுச் செயலாளர் வந்தார். வங்கியில் வேலை, நல்ல பையன்தான், குறை சொல்ல மாட்டேன். கூட்டத்தில் எழுந்து பெட்டி வேண்டாம் என்றார்.

"அண்ணே, ஒங்க பெட்டி கண்காட்சிக்கு வைக்கிற வயசு லா. இப்ப எல்லார் கையிலயும் செய்தி அனுப்புற அந்தச் செயலி இருக்கு. சங்கத்துக்கு ஒரு நம்பர் எடுத்தா போதும். படம் அனுப்பலாம், வீட்டுக்கு வழி அனுப்பலாம். எல்லாம் ஓசி."

"ஓசின்னா எனக்குப் பயம் தம்பி. லயத்து வீடும் ஓசிதான். எப்படி வெளிய வந்தோம்னு ஒங்கப்பாவைக் கேளு."

"அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணனுக்கு வெள்ளைக்காரன் கம்பெனி எல்லாமே தோட்டத்துத் துரைதான் லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அந்த ஆள் கிண்டலாகச் சொன்னதுதான் என் கருத்து, இன்றைக்கும். இந்தப் பெரிய கம்பெனிகள் கொடுப்பது வீடு இல்லை, லயம். உள்ளே சாமி படம் மாட்டலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், பிள்ளை பெறலாம். நிலம் அவர்களுடையது. உங்கள் கணினியை நீங்கள் கேட்காமலே நிறுத்தித் திருப்பி ஏற்றுவார்கள். நன்றாக ஓடுகிற பெட்டியைப் பார்த்து, இது புதுப் பதிப்புக்கு லாயக்கில்லை, வீசு என்பார்கள். நான் வீசியதை எடுத்தே பிழைத்தவன், எனக்குத் தெரியும் அதில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கும் என்று.

"எண்களையாவது ஒரு பிரதி எடுத்து வெளிய வச்சுக்க" என்றேன். செயலாளர் தலையாட்டினார். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி அதை ஹாலில் வைக்க விடவில்லை. சாவு சொல்கிற சாமான் சாமி படத்துக்கு எதிரே இருக்கக் கூடாதாம். துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சிம் அட்டை செத்துவிடாமல் அவ்வப்போது காசு போட்டு வந்தேன். ஏன் என்று கேட்டவர்களிடம் பொழுதுபோக்கு என்றேன். உண்மையில் பயம்.

அந்தப் பயம் பலித்த நாள் இப்படி. மேட்டு லயத்து அக்கா ஒருவர் குனோங் ராபாட்டில் ஒரு சீனர் வீட்டின் பின்னறையில் தனியாக வாடகைக்கு இருந்தார். எனக்கு மூத்தவர், நான் சின்னப் பையனாக இருந்தபோது எனக்கும் சேர்த்துச் சோறு வடித்தவர். காலையில் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்காரர் நல்ல மனிதர், கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து உடலைக் கிடத்த விட்டார். மறுநாள் மத்தியானம் தகனம் என்று முடிவானது.

அக்காவுக்கு ஒரே மகள். அவள் தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அதிலிருந்து தாய்க்கும் மகளுக்கும் பேச்சில்லை. ஆயர் தாவார் பக்கம் இருப்பதாக மட்டும் தெரியும். எண் அங்கே இருந்த யாரிடமும் இல்லை. எல்லோருக்கும் செய்தி போனால் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். அவள் வராவிட்டால், தாயின் முகத்தைப் பார்க்காமலே எரித்துவிடுவோம். அவ்வளவுதான் விஷயம்.

செயலாளர் முறைப்படிதான் செய்தார். வழக்கத்தை மீறாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பினார். ஒரே வாசகம், அவசரம் என்ற சொல், மகளின் எண் தெரிந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு தொலைபேசி எண், உதவி செய்ய விரும்புவோருக்கு வங்கிக் கணக்கு எண். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் இயந்திரத்தின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும்?

செயலாளர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு என் வீட்டு வாசலில் நின்றார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"அண்ணே, அடைச்சிட்டான்."

"எவன்?"

"தெரியல. மோசடிச் செய்தி அனுப்புறோமாம். சங்கத்து நம்பரையே முடக்கிட்டான். பாதிப் பேருக்குக் கூட போகல."

"மத்தவங்க எண்ணு?"

"அந்தச் செயலிக்குள்ளதான் இருக்கு."

"பிரதி?"

எடுத்திருக்கவில்லை. எனக்குத் திட்டத் தோன்றியது, திட்டவில்லை.

முறையீடு செய்யும் பொத்தான் ஒன்று இருந்தது. அழுத்தினோம். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது: உங்கள் கோரிக்கையைப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை. யார் பரிசீலித்தது? எப்போது? தோட்டத்தை விட்டுத் துரத்தியபோது தோட்ட அலுவலகத்துக் கணக்கர், அந்தக் கிராணியின் மேசைக்கு முன்னால் போய் நின்று கத்த முடிந்தது. அவன் கெட்டவன்தான், ஆனால் அவனுக்கு ஒரு முகம் இருந்தது, காது இருந்தது, மாலையில் கடையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். இங்கே கத்துவதற்கு ஆளே இல்லை. ஒரு செத்த மனுஷிக்கு ஆள் சேர்ப்பதைத் திருட்டு என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அது தன் பாட்டுக்கு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். விசிறி சுற்றியது, உள்ளே வன்தட்டு கரகரவென்று இழுத்தது, திரை கறுப்பாகவே நின்றது. எனக்குத் தெரிந்த கடவுள் எல்லோரையும் கூப்பிட்டேன், அக்கா மகளின் கடவுளையும் சேர்த்து. மூடியைக் கழற்றி நினைவக அட்டையைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினேன். மறுபடி. எழுத்துகள் வரிசையாக இறங்க ஆரம்பித்தன. மோடத்தின் சின்ன விளக்கு சிவந்து, பச்சையானது. செயலாளர் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

செய்தியை எழுதினேன். மகள் இருக்குமிடம் தெரிந்தால் என் கைப்பேசிக்குச் சொல்லவும் என்று கடைசியில் சேர்த்தேன். முதல் செய்தி போனது. இரண்டாவது போகவில்லை, எண் மாறிவிட்டது. அடுத்ததும் போகவில்லை. நான் நிறுத்தி வைத்திருந்த காலத்தில் எத்தனையோ பேர் எண்ணை மாற்றியிருந்தார்கள். திரையில் தோல்வி, தோல்வி என்று வரும்போதெல்லாம் யாரோ வாசலை மூடுவது போல இருந்தது.

"கொஞ்சம் வேகமா அனுப்ப முடியாதாண்ணே?"

"வேகமா அனுப்பித்தானே தம்பி நீ மாட்டுன? இது சைக்கிள்ல போகுது. போகட்டும் விடு."

கைப்பேசி அடித்தது. ஒரு பெண் குரல், சந்தேகத்தோடு.

"யாரு பேசுறது? இது ஏமாத்து வேலை இல்லியே?"

"இல்லம்மா. நம்ம பழைய பெட்டிதான்."

"அதான் பார்த்தேன். 'ஆத்தோர லயம் மூணாம் வீட்டு அண்ணி'ன்னு போட்டிருக்கு. திருட்டுப் பயலுக்கு அது எங்க தெரியப் போகுது? அண்ணே, அந்தப் புள்ள எங்க ஆயர் தாவார் பாசார்லதான் வாரா வாரம் மீன் வாங்கும். கடைக்காரன்கிட்ட நம்பர் இருக்கும். நான் போயிப் பார்க்குறேன், போனை வைங்க."

கம்பெனியின் இயந்திரம் எங்களைத் திருடன் என்றது. எங்கள் பெட்டி அழைத்த விதத்தைப் பார்த்து அந்த அண்ணி எங்களை நம்பினார். நான் இதைப் பற்றி எவ்வளவு யோசித்தாலும் இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் நெருங்கியது. சவ வண்டிக்காரர் சவப்பெட்டி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினேன். இரண்டாவது முறையும் காட்டினேன். மூன்றாவது முறை பார்த்தபோது நான் தலையைத் திருப்பிக்கொண்டேன், அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. அப்போதுதான் ஒரு கார் வந்தது.

அக்காவின் மகள் இறங்கி, கேட்டுக்கு அருகிலேயே நின்றுவிட்டாள். கழுத்தில் சிலுவை. உள்ளே வரலாமா என்ற பயம் அவளுக்கு. நான் போனேன்.

"மாமா, நான் தொடலாமா?"

"ஒன் அம்மாவைத் தொட யாரைக் கேக்கணும்? வாம்மா."

அவள் தாயின் கன்னத்தில் கையை வைத்தபடி நின்றாள். எவரும் அவசரப்படுத்தவில்லை. சவ வண்டிக்காரர் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார்.

சில நாள் கழித்துச் சங்கத்து எண் தானாகத் திறந்துகொண்டது. தவறு நேர்ந்திருக்கலாம் என்று ஒரு வரி. செயலாளர் மகிழ்ந்துபோய் அதற்கே திரும்பிவிட்டார். இந்த முறை எண்களைப் பிரதி எடுத்தார், அது வரைக்கும் நல்லது. இப்போது சங்கம் ஒரு சிறப்பு மலர் போடுகிறது. அச்சுக்கு முந்திய படியைப் பார்த்தேன். அந்த அக்காவின் மகளை வரவழைத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: "நவீனத் தகவல் தொழில்நுட்பத்தின் துணையோடு நமது சங்கம்" என்று.

எந்த நவீனம்? முடக்கியது நவீனம். கொண்டுபோய்ச் சேர்த்தது, துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்த பெட்டி.

எனக்குப் புகழ் ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது. ஆனால் பயம் அதைவிடப் பெரிது. பெட்டிக்குள் இரண்டு மின்தேக்கிகள் வீங்கியிருக்கின்றன. மோடம் பேசுகிற பழைய அலைவரிசையையும் நிறுத்தப் போவதாகப் பேச்சு. என் கண்ணும் மங்குகிறது. அந்தச் செயலிதான் எல்லாம் செய்தது என்று மலரில் ஏறிவிட்டால், நான் போன பிறகு இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார்கள். அடுத்த முறை அடைத்தால் ஜனங்களிடம் மாற்று என்று எதுவும் இருக்காது. ஒன்று இருந்தது என்றுகூட யாருக்கும் தெரியாது.

அதனால் சங்கத்தாருக்குச் சொல்கிறேன். இங்கே நான் யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. நீங்கள் எழுத வேண்டும். அந்த வரியை எடுத்துவிட்டு, செய்தியைச் சேர்த்தது நம் தோட்டத்து ஆள் சொந்தமாகச் செய்த பெட்டி என்று போடுங்கள். அதன் கீழே என் பெயரை, அப்பா பெயரோடு முழுசாகப் போடுங்கள். பெட்டியை எப்படிச் செய்வது என்று விளக்க இரண்டு பக்கம் ஒதுக்குங்கள், நானே எழுதித் தருகிறேன். அதுவரை அந்த மலரை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.