கத்தாத யூபிஎஸ்

புனேயில் பைக் ஓட்டும் தமிழர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய மும்பை சாலையில், தளேகாவ் தாண்டி ஒரு டீக்கடை முன்னால் வண்டிகளை வரிசையாக நிறுத்துவோம். ஔந்த் பக்கத்திலிருந்து வருகிற நாங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர்காரர்கள். பிம்ப்ரி, தளேகாவ் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தொழிற்சாலைக்காரர்கள். எங்களுக்கு வண்டி தெரியாது, அவர்களுக்கு வீட்டுக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆகவே பண்டமாற்று. செயினுக்கு எண்ணெய் விடுவது எப்படி என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால், ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோனதற்கு இன்னொருவர் வழி சொல்லியாக வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் தனக்குத் தெரியாததைப் பற்றித்தான் அதிகச் சத்தமாகப் பேசும்.

இந்தக் கூட்டத்துக்கே பெரிய ஆள் ஜெயசீலன் அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். தளேகாவில் கியர்பாக்ஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவருடைய வேலையே கேட்பதுதான். மூடிய அறைக்குள் கியர்பாக்ஸைச் சுழல விடுவார்கள். கருவி ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அதற்குப் பிறகு அண்ணாச்சி காது கொடுத்துக் கேட்பார். தலையாட்டினால் பெட்டி லாரியில் ஏறும், ஆட்டாவிட்டால் திரும்பப் பிரித்துவிடுவார்கள். "மத்தவன் கையால பொழைக்கான், நான் காதால பொழைக்கேன்" என்று பெருமையாகச் சொல்வார். கம்பெனியில் வருஷந்தோறும் காது பரிசோதனை நடக்கும். அண்ணாச்சி மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுவார். என் காதையே இவன் சோதிப்பானா என்ற திமிர்தான், வேறொன்றுமில்லை.

எங்கள் வண்டிகளுக்கும் அவர்தான் தீர்ப்பு. கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் வண்டியை ஸ்டார்ட் செய்து நிற்போம். அவர் வரிசையாக நடந்து வருவார். ஒவ்வொரு வண்டியிடமும் நின்று, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். "ம், போலாம்" என்றால் போகலாம். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருமுறை என் வண்டி என்ஜினில் டாப்பெட் இடைவெளி கூடியிருக்கிறது என்று டீயைக் குடித்துக்கொண்டே பத்தடி தள்ளியிருந்து சொன்னவர் அவர். அப்படிப்பட்டவர் "போலாம்" என்ற பிறகு கோயமுத்தூரிலிருந்து வந்து கீபோர்டு தட்டுகிற நான் என்ன சொல்லிவிட முடியும்?

அண்ணாச்சிக்கு இன்னொரு பைத்தியம் உண்டு. இணையத்தில் ஒரு பைக் மன்றத்தில், முன்பின் தெரியாதவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் தமிழில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுவார். ஒற்றை விரலால் தட்டி, மதியம் முழுக்க உட்கார்ந்து எழுதுவார். போன வருஷம் மழைக்காலத்தில்தான் அவருடைய கம்ப்யூட்டர் பிரச்சினை ஆரம்பித்தது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் பட்டென்று அணைந்துவிடுகிறது, எழுதியது அத்தனையும் போய்விடுகிறது என்று டீக்கடையில் வந்து புலம்பினார்.

"கரண்ட் போயிருக்கும்" என்றார் முகமது ரஃபீக். அவர் வேலூர்க்காரர், பிம்ப்ரியில் ஒரு சர்வர் அறையைக் கட்டிக் காப்பவர்.

"கரண்ட் போவலயே! மேல ஃபேன் சுத்துது, லைட் எரியுது."

"அது இன்வெர்ட்டர்ல ஓடும் அண்ணாச்சி. கம்ப்யூட்டர் பிளக்கும் இன்வெர்ட்டர்லதான் இருக்கா?"

"இல்ல. அதுக்குத்தான் தனியா யூபிஎஸ் வச்சிருக்கேன்லா?"

"அப்ப சிம்பிள். கரண்ட் போனா யூபிஎஸ் கத்தும். கத்துனா உடனே சேவ் பண்ணிடுங்க."

"கத்துனாத்தானவே சேவ் பண்ண! அது கத்தவே மாட்டுக்கு."

நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கத்தாத யூபிஎஸ் என்பது எங்களுக்கு லேசான விஷயமா? அன்று ரைடே போகவில்லை. பேட்டரி செத்திருக்கும் என்று நான் சொன்னேன். எர்த் சரியில்லை என்றார் ரஃபீக். அண்ணாச்சி பேட்டரியை மாற்றினார், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிபார்த்தார். அடுத்த வாரமும் கத்தவில்லை. ஸ்பீக்கர் போயிருக்கும், யூபிஎஸ்ஸையே மாற்றுங்கள் என்று தீர்மானம் போட்டோம். புதிது வாங்கினார். அதுவும் கத்தவில்லை. இரண்டு யூபிஎஸ் அடுத்தடுத்து ஊமையாகப் பிறக்குமா என்று எங்களுக்கு மண்டை காய்ந்தது. வாரத்துக்கு ஒரு புதுக் காரணம் கிளம்பியது. அண்ணாச்சியும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டார். அவருக்குப் பழுது என்றால் அல்வா.

அதே சமயத்தில்தான் கிரிஜாவின் வண்டியில் அந்தச் சத்தம் வந்தது. கிரிஜா ஔந்தில் ஒரு வங்கியில் மேனேஜர். பிறந்து வளர்ந்தது எல்லாம் புனேதான், தமிழில் பாதி இந்தியாக இருக்கும். அவள் பிரேக் பிடிக்கும்போது முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாக ஒரு கீச்சென்ற ஒலி வந்தது. பல்லைக் கூச வைக்கும். எனக்குக் கேட்டது, ரஃபீக்குக்கும் கேட்டது. ஏன், டீ ஊற்றுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அண்ணாச்சி மட்டும் வண்டி பக்கத்தில் நின்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ம், போலாம்" என்றார்.

"க்யா ஆவாஸ் ஹை, என்ன சத்தம் இது" என்று கிரிஜா முணுமுணுத்தாள். பிறகு அவளே, "அவர் சொல்லிட்டாரே, டீக் ஹை" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். நாங்களும் கிளம்பிவிட்டோம். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படித்தான்.

மழை விட்ட பிறகு, கூட்டமாக மஹாபலேஷ்வர் போவதாக முடிவாயிற்று. கிளம்புவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை மதியம், நான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். இந்த யூபிஎஸ் விவகாரத்தை நேரில் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதுதான் உண்மை. கையில் மல்டிமீட்டர், ஸ்க்ரூடிரைவர் செட், ரஃபீக் கொடுத்தனுப்பிய இன்னொரு யூபிஎஸ் என்று ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி போயிருந்தேன்.

அவர் மனைவி மீனு அக்கா சுக்குக் காப்பி கொடுத்தார். அண்ணாச்சி மேஜை முன்னால் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்கு கிளட்ச் கேபிளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். தளேகாவில் கரண்ட் போவதற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதில்லை. போயிற்று. விளக்கும் ஃபேனும் இன்வெர்ட்டரில் ஓடின. மேஜைக்கு அடியில் யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

கத்தியது என்றால் அப்படியொரு கத்தல். காதைத் துளைத்தது. அண்ணாச்சி ஒற்றை விரலால் தட்டிக்கொண்டேயிருந்தார்.

நான் அவர் முகத்தையே பார்த்தேன். விளையாடுகிறாரோ என்றுகூட நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பேட்டரி இறங்கி, கத்தல் இன்னும் வேகமாயிற்று. பிறகு திரை பட்டென்று இருண்டது.

"பாத்தீரா?" என்று வெற்றியோடு என் பக்கம் திரும்பினார். "ஒரு சத்தம் இருந்துச்சா? நான் சொன்னா நம்ப மாட்டுக்கிய."

இத்தனை மாதம் நாங்கள் பேட்டரியைப் பார்த்தோம், எர்த்தைப் பார்த்தோம், யூபிஎஸ்ஸையே மாற்றிப் பார்த்தோம். அதன் முன்னால் உட்கார்ந்திருந்த மனிதரை ஒருவரும் பார்க்கவில்லை.

"கத்துச்சுங்க அண்ணாச்சி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"என்னது?"

"நல்லாவே கத்துச்சுங்க. அக்காவக் கேளுங்க."

மீனு அக்கா அடுக்களை வாசலில் நின்றார். "அது தெனமும்தான் கத்துது. கம்ப்யூட்டர்னா கத்தும்போலன்னு இருந்துட்டேன். நீங்க பக்கத்துலதான இருக்கிய, ஒங்களுக்குத் தெரியாததா?"

அண்ணாச்சி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. பழுது கண்டுபிடிக்கிறவரின் முகம்தான் அப்போதும் இருந்தது. ஃபோனில் சத்தம் எழுப்பிக் காட்டும் செயலி இருக்கிறதா என்று கேட்டார். இறக்கிக் கொடுத்தேன். அடிக் குரலில் தொடங்கி மேலே மேலே ஏற்றினேன். "கேக்கு... கேக்கு..." என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். நான் இன்னும் ஏற்றினேன். அந்த ஒலியில் மீனு அக்கா காதைப் பொத்திக்கொண்டார். அண்ணாச்சி ஃபோனைப் பார்க்கவில்லை, மனைவி காதைப் பொத்தியிருந்த கையைத்தான் பார்த்தார்.

"இப்பவும் சத்தம் வருதா?" என்றார் மெதுவாக.

"வருதுங்க."

"கீழ எல்லாம் கேக்கு. மேலதான் கட்டாயிருக்கு. கியர் கூவுறதும் மேலதான் இருக்கும்." பிறகு மீனு அக்காவிடம் கேட்டார். "நீ கூப்புட்டு நான் திரும்பாம இருந்திருக்கேனா?"

"நெறைய தடவ. புருசன்மாரு எல்லாம் அப்படித்தானன்னு விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அக்கா அழுதுவிட்டார்.

அப்போதுதான் எனக்குக் கிரிஜாவின் வண்டி ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் மலைப்பாதை. எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். சொன்னேன். முன் பிரேக்கில் கீச்சென்று ஒரு சத்தம், பல வாரமாக வருகிறது என்றேன்.

அண்ணாச்சி சடாரென்று எழுந்தார். ஃபோனை எடுத்து அவரே கூப்பிட்டார்.

"மேடம், ஜெயசீலன் பேசுதேன். நாளைக்கு வண்டிய எடுக்காதீக. பிரேக் பேடு தேஞ்சு இரும்புல உரசுது. நான் போலாம்னு சொன்னது தப்பு... இல்ல மேடம், வண்டில ஒளிஞ்சிருந்த பழுது ஒண்ணுமில்ல. எனக்குக் காது கேக்கல. ஆமா. காதுதான்."

மூடி மறைக்க வேண்டும் என்று நினைத்திருந்தால் வேறு ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். கூட்டத்தில் ஒருவரிடம் சொன்னால் மறுநாளே எல்லோரிடமும் சொன்னது போலத்தான். அவர் கம்பெனியில் வேலை செய்கிற இரண்டு பேர் எங்களோடுதான் ஓட்டுகிறார்கள். அது அவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை அதற்கு முன்னால் வந்ததில்லை.

மஹாபலேஷ்வர் போகவில்லை. கிரிஜாவின் பிரேக்கைப் பிரித்துப் பார்த்தபோது பேட் என்று சொல்ல அதில் எதுவும் மிச்சமில்லை. திங்கட்கிழமை அண்ணாச்சி யாரும் கூப்பிடாமல் தானே போய்க் காதுப் பரிசோதனைக்கு உட்கார்ந்தார். கடைசியாகத் தான் தலையாட்டி அனுப்பிய பெட்டிகளை இன்னொரு முறை கேட்கச் சொல்லிவிட்டும் வந்தார். சத்த அறையிலிருந்து அவரை மாற்றிவிட்டார்கள். இப்போது உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறார். "அளவுகோலுக்குக் காது வேண்டாம்லா" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பு உதட்டோடு நின்றது.

சில வாரங்கள் டீக்கடைப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்தார். இரண்டு காதுக்குப் பின்னாலும் சின்னதாக ஒரு கருவி. நாங்கள் அதைப் பார்க்காதது போலப் பார்த்தோம். வழக்கம்போல வண்டிகளை ஸ்டார்ட் செய்து நின்றோம்.

அண்ணாச்சி முதல் வண்டியிடம் வந்தார். முகத்தைச் சுளித்தார். அடுத்த வண்டிக்குப் போனார். அதற்கடுத்து என்னுடையது. கையை உயர்த்தி எல்லா வண்டிகளையும் அணைக்கச் சொன்னார்.

"என்னவே இது? ரஃபீக் வண்டில பேரிங் போயிருக்கு. ஒம்ம வண்டில செயின் அழுவுது. அந்தா நிக்கே, அதுல சைலன்ஸர் ஜாயிண்டுல காத்து சீறுது. ஒரு வண்டி உருப்படியா இல்லியே! இம்புட்டையுமா நான் போலாம், போலாம்னு அனுப்பிவச்சேன்?"

நாங்கள் அவரவர் வண்டியைக் குனிந்து பார்த்தோம்.

"ஒங்களுக்கு யாருக்குமே கேக்கலியா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி" என்றார் ரஃபீக். "நீங்க ஒண்ணும் சொல்லலியேன்னு..."

அண்ணாச்சி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"எனக்குத்தான் காது போச்சு. ஒங்களுக்கு என்ன போச்சு?"