ஒட்டுப்பால் சுற்றிய காற்றுக்குழாய்

வடசேரி நெரிசலில் வேகத்தைக் குறைத்தாலே எங்கள் காரின் எஞ்சின் அணைந்துவிடும். எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடியில் கரி பிடித்தால் அப்படித்தான் ஆகும். நானே அதைக் கழற்றி, கிளீனர் அடித்துத் துடைத்தேன். திரும்ப மாட்டும்போது காற்றுக்குழாயின் கிளிப் உடைந்துவிட்டது. நான் கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் வேலை செய்கிறவள். எங்களுக்கு எந்த ஓட்டைக்கும் ஒட்டுப்பால்தான் மருந்து. சிரட்டையில் காய்ந்து கிடந்த ரப்பர்பாலை உரித்து, கிளிப் இருந்த இடத்தில் இழுத்துச் சுற்றினேன்.

மறுநாள் மலை இறக்கத்தில் எஞ்சின் திடீரென்று அலறியது.

"ஏட்டி, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடு" என்றார் பக்கத்திலிருந்த என் கணவர்.

"எடுத்தாச்சு" என்றேன்.

கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, பிரேக்கை அழுத்தி மிதித்தேன். பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. பானெட்டைத் திறந்து பார்த்தேன். சூட்டில் இளகிய ரப்பர் உள்ளே போய், த்ராட்டிலை மூடவிடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இனி நீ பானெட்டைத் தொறக்கப்பிடாது" என்றார்.

"குழம்பு கரிஞ்ச அன்னைக்கு, இனி அடுப்பைத் தொடாதேன்னு சொன்னியளா?" என்று கேட்டேன்.

இப்போதும் நானேதான் கழற்றித் துடைக்கிறேன். டிக்கியில் புதுக் கிளிப் இரண்டு எப்போதும் கிடக்கும். ஒட்டுப்பால் சுற்றியதுதான் என் தப்பு. பானெட்டைத் திறந்தது தப்பே இல்லை.